தலையில்லாத சர்வருக்கு ஓ.எஸ். போட்ட கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் டெக்னிகலான பதிவு. கம்ப்யூட்டர் அலர்ஜி உள்ளவர்கள் நடுவில் வரும் ராத்திரி ஒன்றரை மணிக் காட்சியை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடலாம் :-)

எங்கள் டிபார்ட்மெண்ட் லேபில் ஒரு மூலையில், ரேக்குக்குக் கீழே, சின்னதாக ஓர் அலுமினிய டப்பா இருக்கும். புதிதாக வருகிறவர்கள் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் என்றுதான் நினைப்பார்கள். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. ஆனால் மூன்று பேட்ச் மாணவர்களின் பிராஜெக்ட் ரிப்போர்ட், பழைய கேள்வித்தாள்கள், லேப் ரெக்கார்டு புரோகிராம்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. எங்களுக்கு அது சர்வர். செமஸ்டர் நெருங்கினால் குலதெய்வம்.

நான்கு வருடம் முன்னால் படித்து முடித்துப் போன ஒரு சீனியர் அண்ணா அதை அமைத்து வைத்துவிட்டுப் போனார். ஏபியு2 என்று பெயர். சுவிட்சர்லாந்தின் பிசி இன்ஜின்ஸ் தயாரித்த போர்டு. இப்போது தயாரிப்பில் இல்லை. 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர் ஏஎம்டி சிப், 4 ஜிபி ராம், மூன்று நெட்வொர்க் போர்ட். சூடு எல்லாம் அலுமினியப் பெட்டி வழியாகவே வெளியே போய்விடும். ஓ.எஸ். ஒரு எஸ்டி கார்டில், மாணவர்களின் கோப்புகள் எல்லாம் உள்ளே இருக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டியில். ஓ.எஸ். என்ன என்று கேட்டீர்கள் என்றால், ஓப்பன்பிஎஸ்டி. 1995-ல் தியோ டி ராட் என்பவர் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரித்துத் தொடங்கியது. அண்ணாவுக்கு அதன்மேல் தனிக் காதல்.

போன மாதம் ஒரு நாள் அந்த எஸ்டி கார்டு மண்டையைப் போட்டது. எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓ.எஸ். மட்டும்தான் போச்சு. "புதுக் கார்டு வாங்கி மறுபடி போட்டுடலாமே சார், ஒரு ராத்திரி வேலை" என்று லேப் சாரிடம் சொன்ன புண்ணியவான் யார் என்று கேட்கிறீர்களா? ஹிஹி, நானேதான். சொன்னதற்கு முதல் வாரமே விர்ச்சுவல்பாக்ஸில் நான்கு முறை போட்டுப் பழகியிருந்தேன். கேள்விகளின் வரிசை விரல்களுக்கே மனப்பாடம். அந்தத் தைரியம்.

டப்பாவை ஹாஸ்டல் ரூமுக்குத் தூக்கி வந்து, மானிட்டர் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மானிட்டர் சொருக இடமே இல்லை! இத்தனை நாள் எஸ்எஸ்ஹெச் வழியாகவே போய் வந்ததால் இதைக் கவனித்ததே இல்லை. ஆனால் எஸ்எஸ்ஹெச் என்பது ஓ.எஸ். இருந்தால்தானே? இப்போது உள்ளே போக ஒரே வழி, பின்பக்கம் இருக்கும் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்.

இந்த சீரியல் போர்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆர்எஸ்-232 என்கிற இந்த முறை 1960-ல் வந்தது. நம்மில் பலரின் அப்பா பிறப்பதற்கு முன்னால். அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட். அவ்வளவுதான் அடிப்படை. எழுத்துகள் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் நின்று போகும், ரேஷன் கடை க்யூ மாதிரி. லினக்ஸில் டிடிஒய் என்று ஒரு வார்த்தை எங்கு பார்த்தாலும் வருமே, அது டெலிடைப்ரைட்டர் என்பதன் சுருக்கம். கம்ப்யூட்டருக்கு ஸ்கிரீனே இல்லாமல், பேப்பரில் டகடகவென்று அடித்துப் பேசிய காலத்தின் எச்சம். வேகத்தைச் சொல்லும் 'பாட்' என்ற அலகும் போடோ (1845-1903) என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

லேப்டாப்பில் சீரியல் போர்ட் ஏது? யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்றும், இரண்டு பக்கமும் பெண் கனெக்டர் உள்ள கேபிள் ஒன்றும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்தேன். மாட்டினேன். லேப்டாப்பில் 'ஸ்க்ரீன்' புரோகிராமைத் திறந்து வேகம் 115200 என்று கொடுத்தேன். டப்பாவுக்குக் கரண்ட் கொடுத்தேன்.

ஒன்றுமில்லை. வெறும் கறுப்பு ஜன்னல்.

இந்த முதல் மௌனத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் என்றால், இவன் அனுப்பும் கம்பி அவன் வாங்கும் கம்பிக்குப் போக வேண்டும். அதாவது 2-ம் ஊசியும் 3-ம் ஊசியும் உள்ளே குறுக்காக மாறியிருக்க வேண்டும். அதற்குப் பெயர் நல் மோடம் கேபிள். நான் வாங்கி வந்தது நேர் கேபிள். இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் வாயில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், காதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேபிளும் அச்சு அசல் ஒன்றேதான்.

இங்கே ஒரு உபயோகமான வித்தை. அடாப்டர் தப்பா, கேபிள் தப்பா என்று சந்தேகம் வந்தால், அடாப்டரின் 2, 3 ஊசிகளை மட்டும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டு டைப் அடியுங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால் அடாப்டர் நல்லவன். எனக்கு வந்தது. அப்புறம் மல்டிமீட்டரை வைத்துக் கேபிளைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. மறுநாள் மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட், மறுபடி பேரம்.

சரியான கேபிள் மாட்டியதும் கறுப்பு ஜன்னலில் எழுத்துகள் வந்தன பாருங்கள், அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது! மெமரி எவ்வளவு, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம் என்று ஃபர்ம்வேர் பேசியது. யுஎஸ்பி குச்சியைத் தேர்ந்தெடுத்தேன். 'பூட்>' என்று ஓப்பன்பிஎஸ்டி கேட்டது. ஐந்து விநாடி சும்மா இருந்தால் அதுவே மேலே போகும் என்று தெரியும், சும்மா இருந்தேன். கெர்னலை ஏற்றும் எண்கள் ஓடின. 'என்ட்ரி பாயிண்ட்' என்று தொடங்கி, பக்கத்தில் ஒரு முகவரி எண்ணோடு ஒரு வரி.

அதோடு நின்றுவிட்டது.

இரண்டு நிமிடம் பார்த்தேன். ஐந்து நிமிடம் பார்த்தேன். கரண்டைப் பிடுங்கி மறுபடி கொடுத்தேன். அதே இடம். மூன்று முறை பிடுங்கினேன், மூன்று முறையும் அதே வரியில் மௌனம். போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த வரிக்கு அப்புறம் யுஎஸ்பி குச்சியின் விளக்கு ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. செத்தவன் எப்படிக் கண் சிமிட்டுவான்?

மணி ராத்திரி ஒன்றரை. அப்போதுதான் என் மூளையில் அந்த மகா யோசனை உதித்தது. "டிஸ்ப்ளேதான் வரவில்லை. உள்ளே இன்ஸ்டாலர் நம் பதிலுக்குக் காத்திருக்கிறது. கேள்விகள்தான் நமக்கு மனப்பாடமாச்சே? பார்க்காமலேயே அடித்துவிட்டால் என்ன?"

அடிக்க ஆரம்பித்தேன். இன்ஸ்டால் என்பதற்கு 'ஐ', என்டர். கீபோர்ட் லேஅவுட், என்டர். மெஷினுக்குப் பெயர், என்டர். நெட்வொர்க், என்டர், என்டர், என்டர். ரூட் பாஸ்வேர்டு, மறுபடி பாஸ்வேர்டு. எஸ்எஸ்ஹெச் வேண்டுமா, என்டர். திரையில் ஒரு எழுத்து கூட இல்லை. நான் பாட்டுக்கு ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன்.

தூங்கிக்கொண்டிருந்த ரூம்மேட் எழுந்து உட்கார்ந்தான்.

"டேய், ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. என்னத்தடா அடிக்கிற?"

"கேள்வியெல்லாம் மனப்பாடம்டா. பதிலை மட்டும் அடிச்சிட்டிருக்கேன்."

"கொஸ்டின் பேப்பரே பார்க்காம ஆன்சர் எழுதறியா? கேள்வி மாறியிருந்தா?"

அவன் மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என் விரலை நிறுத்தியது. கேள்வி மாறியிருந்தால்? விர்ச்சுவல்பாக்ஸில் நான் பழகியது ஒரே ஒரு டிஸ்க்கோடு. 'ரூட் டிஸ்க் எது?' என்று கேட்கும், என்டர் அடித்தால் போதும். இந்த டப்பாவில் மூன்று டிஸ்க். எஸ்எஸ்டி, எஸ்டி கார்டு, யுஎஸ்பி குச்சி. என்டர் அடித்தால் இது எதை எடுத்துக்கொள்ளும்?

எனக்குத் தெரியவில்லை. அடுத்த சில என்டர்களில் அந்தக் கேள்விதான் வரும். அதற்கடுத்த என்டர், அந்த டிஸ்க் முழுவதையும் புதிதாகப் பிரித்து எழுதிக்கொள்ளச் சம்மதம். மூன்று பேட்ச்சின் பிராஜெக்ட். பேக்கப்? ஙே.

கையை எடுத்துவிட்டேன். கரண்டைப் பிடுங்கிவிட்டுப் படுத்தேன். தூக்கம் எங்கே வந்தது?

காலையில் அண்ணாவுக்கு போன் போட்டேன். ஆபீஸ் பஸ்ஸில் இருந்தார். "அண்ணா, போர்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்ணா" என்று ஆரம்பித்தேன்.

"கடைசி வரி என்ன வந்துச்சு?"

"என்ட்ரி பாயிண்ட்னு ஏதோ வந்துச்சுண்ணா. அதோட சரி."

சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "தம்பி, அது சாகல. உயிரோட நல்லா பேசிட்டுதான் இருக்கு. உன் பக்கம் பார்த்துப் பேசல, அவ்வளவுதான். நீ எங்க உக்காந்திருக்கேன்னு அதுக்குச் சொன்னியா?"

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். இந்த போர்டில் வீடியோ சிப்பே இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஓடும் ஃபர்ம்வேர், ஸ்கிரீனுக்குப் போக வேண்டிய எழுத்துகளை எல்லாம் சீரியல் போர்ட் பக்கம் திருப்பிவிடுகிறது. நாம் அடிப்பதையும் கீபோர்டில் அடித்த மாதிரியே உள்ளே கொடுக்கிறது. அதனால்தான் 'பூட்>' வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. பூட் லோடருக்கு இந்தத் திருப்பல் வேலை நடப்பதே தெரியாது. அது நிஜமான ஸ்கிரீனில் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. கெர்னல் எழுந்ததும் ஃபர்ம்வேரின் உதவியை விட்டுவிட்டு நேரடியாக ஹார்ட்வேரோடு பேசும். "கன்சோல் எங்கே?" என்று பார்க்கும். நாம் ஒன்றும் சொல்லாததால் வழக்கப்படி ஸ்கிரீன், கீபோர்ட் என்று எடுத்துக்கொள்ளும். இல்லாத ஸ்கிரீனில் கேள்வியை எழுதிவிட்டு, இல்லாத கீபோர்டில் பதில் வரும் என்று காத்திருக்கும். ராத்திரி முழுக்க விட்டாலும் காத்திருக்கும், பாவம்.

இதில்தான் என் அதிர்ஷ்டமும் இருந்தது. நான் சீரியல் வழியாக அடித்த அத்தனை என்டரும் கெர்னல் காது கொடுக்காத பக்கம் போய் விழுந்தன. அது கேட்டிருந்தால்? அன்றைக்கு டிஸ்க்கைக் காப்பாற்றியது என் அறிவு இல்லை. பாதி ரூம்மேட், பாதி அந்த மௌனம்.

தீர்வு இரண்டே வரி. 'பூட்>' வந்ததும் ஐந்து விநாடிக்குள் ஏதாவது கீயை அழுத்தி நிறுத்தி, முதலில் 'எஸ்டிடிஒய் காம்0 115200' என்று வேகத்தைச் சொல்ல வேண்டும். பிறகு 'செட் டிடிஒய் காம்0' என்று கன்சோலை மாற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம். நான் அவசரத்தில் இரண்டாவதை முதலில் அடித்துவிட்டேன். பூட் லோடர் தன் வழக்கமான 9600 வேகத்துக்குப் போய்விட்டது. என் ஜன்னல் 115200-ல். திரை முழுக்க ஜிலேபி எழுத்து. ஆனால் இந்த முறை பயப்படவில்லை. ஜிலேபி வந்தாலே கம்பி சரி, வேகம்தான் தப்பு என்று அர்த்தம். மௌனத்தைவிட குப்பை எவ்வளவோ மேல்!

(கணக்குப் பிரியர்களுக்கு: ஓர் எழுத்துக்கு தொடக்க பிட் ஒன்று, எழுத்து பிட் எட்டு, முடிவு பிட் ஒன்று, ஆக பத்து பிட். 9600-ல் விநாடிக்கு 960 எழுத்து. 80க்கு 24 திரையில் 1920 எழுத்து. ஒரு திரை நிரம்ப இரண்டு விநாடி. 115200 என்றால் விநாடிக்கு 11520, கண் சிமிட்டும் நேரம்தான்.)

மறுபடி தொடங்கி, சரியான வரிசையில் அடித்து, 'பூட்' என்று கொடுத்தேன். 'என்ட்ரி பாயிண்ட்' வரி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வரி வந்தது! காப்பிரைட் அறிவிப்பு, சிபியு, மெமரி, நெட்வொர்க் கார்டுகள் என்று வரிசையாகக் கொட்டியது. நேற்று ராத்திரி மூன்று முறையும் இதையெல்லாம் அது சொல்லியிருக்கிறது. நான்தான் ஒவ்வொரு முறையும் பாதிப் பேச்சில் கரண்டைப் பிடுங்கியிருக்கிறேன்.

இன்ஸ்டாலர் முதலில் டெர்மினல் வகை கேட்டது. அதுவே கொடுத்த பதில் விடி220. 1983-ல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனி கொண்டுவந்த டெர்மினலின் பெயர். என் லேப்டாப் தன்னை நாற்பது வருடம் பழைய பெட்டி என்று அறிமுகப்படுத்திக்கொண்டு உள்ளே போனது :-)

இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்துத்தான் பதில் அடித்தேன். விர்ச்சுவல்பாக்ஸில் வராத ஒரு புதுக் கேள்வியும் வந்தது: 'வழக்கமான கன்சோலை காம்0 ஆக மாற்றவா?' அதாவது, சீரியல் வழியாக வந்திருக்கிறாய், இனிமேல் எப்போதும் இந்தப் பக்கமே பார்த்துப் பேசவா என்று கேட்கிறது. ஆமாம் என்றால் நாம் அடித்த அந்த இரண்டு வரியையும் 'பூட்.கான்ஃப்' கோப்பில் எழுதி வைத்துவிடும். இல்லை என்றிருந்தால் ரீபூட்டுக்கு அப்புறம் மறுபடி அதே மௌனம்தான். ரூம்மேட் சொன்னது சரிதான். கேள்வித்தாள் மாறித்தான் இருந்தது. பார்க்காமல் அடித்தவனுக்கு இந்த இடத்திலேயே வரிசை குலைந்து, ஒரு கேள்வியின் பதில் இன்னொரு கேள்விக்குப் போயிருக்கும்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. 'இருக்கும் டிஸ்க்குகள்: எஸ்டி0 எஸ்டி1 எஸ்டி2. ரூட் டிஸ்க் எது?' பக்கத்தில் அடைப்புக்குள், என்டர் அடித்தால் எடுத்துக்கொள்ளும் பதில்: எஸ்டி0.

கேள்விக்குறி அடித்தால் விவரம் சொல்லும். அடித்தேன்.

எஸ்டி0: 111.8 ஜிபி.

120 ஜிபி என்று விற்கும் டிஸ்க்கை 1024-ன் கணக்கில் சொன்னால் 111.8. அதாவது மூன்று பேட்ச் மாணவர்களின் எஸ்எஸ்டி. ராத்திரி அந்த என்டர் போய்ச் சேர்ந்திருந்தால், போய்ச் சேர்ந்திருக்கும் இடம் அதுதான். உள்ளங்கை வேர்த்தது என்று கதைகளில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கீபோர்டைத் துடைத்துவிட்டு அடித்தேன்.

எஸ்டி1, 14.8 ஜிபி, புது கார்டு. 'எஸ்டி1' என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். என்டருக்கு முன்னால் ரூம்மேட்டைக் கூப்பிட்டு ஒரு முறை படிக்கச் சொன்னேன். வேறு டிஸ்க் எதையாவது தயார் செய்யவா என்று அடுத்ததாகக் கேட்டது. வேண்டவே வேண்டாம் தாயே! மிச்சமெல்லாம் சுலபம். கோப்புகள் யுஎஸ்பி குச்சியிலிருந்து இறங்கின. வாழ்த்துச் செய்தி வந்தது. ரீபூட். கறுப்பு ஜன்னலில் 'லாகின்:' என்று ஒரே ஒரு வார்த்தை.

எஸ்எஸ்டியை மவுண்ட் செய்து பார்த்தேன். எல்லா ஃபோல்டரும் இருந்தன. நான் முதல் வருடம் சேர்ந்தபோது அண்ணா எங்களுக்காகப் போட்டு வைத்த 'பயப்படாதே' என்ற ஃபோல்டரும் (உள்ளே கேள்வித்தாள்கள்).

சாயங்காலம் அண்ணாவே கூப்பிட்டார். முழுக்கதையும் சொன்னேன், பார்க்காமல் அடித்தது உட்பட. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏன்டா, எஸ்எஸ்டிய ஸ்க்ரூ கழட்டி வெளிய எடுத்து வச்சிட்டு ஆரம்பிச்சிருக்கலாம்ல?"

அவ்வ்வ்வ்... இரண்டு ஸ்க்ரூ சமாச்சாரம். எனக்கும் தோன்றவில்லை, லேப் சாருக்கும் தோன்றவில்லை.

யாராவது இதே மாதிரி தலையில்லாத டப்பாவோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்றால், என் செலவில் நீங்கள் கற்றுக்கொள்ள:

1. அழியக் கூடாத டிஸ்க்கை முதலில் கழற்றி வையுங்கள். காப்பியும் எடுத்து வையுங்கள்.
2. சுத்தமாக ஒன்றும் வராவிட்டால் கேபிளைப் பாருங்கள். ஜிலேபி வந்தால் வேகத்தைப் பாருங்கள். பாதியில் நின்றால் கன்சோல் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.
3. நின்றுபோன இடத்தின் கடைசி வரியை எழுதி வையுங்கள். உதவி கேட்கும்போது "ஒர்க் ஆகல" என்பதைவிட அந்த ஒரு வரி நூறு மடங்கு பேசும்.
4. கண்ணுக்குத் தெரியாத கேள்விக்குப் பதில் அடிக்காதீர்கள். மனப்பாடம் என்றாலும்.

நான்காவதை எழுதும்போதே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பதில் வரவில்லை என்றால் எதிராளி செத்துவிட்டான் அல்லது நாம் நினைப்பதைத்தான் நினைக்கிறான் என்று முடிவு கட்டுவது டப்பாவோடு மட்டும் நான் செய்கிற தப்பு இல்லை. வீட்டில் அப்பா இரண்டு நாள் போன் எடுக்காவிட்டாலும் இதே கதைதான். கோபமாக இருக்கிறார் என்று நானே கேள்வியும் எழுதி, நானே பதிலும் எழுதி முடித்திருப்பேன். அப்புறம் பார்த்தால் போனை சைலண்டில் போட்டு சட்டைப் பையில் வைத்திருப்பார்.

டப்பா மறுபடி லேபில் அதன் மூலையில் இருக்கிறது. போன வாரம் ஃபயர்வால் விதியில் ஒரு வரி தப்பாக எழுதி, எஸ்எஸ்ஹெச் வழியே என்னையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டேன். பதறவில்லை. நல் மோடம் கேபிளை எடுத்துக்கொண்டு லேபுக்கு நடந்தேன். மாட்டி ஒரே ஒரு என்டர் அடித்தேன்.

'லாகின்:' என்றது.

பி.கு.: நேர் கேபிள் ஒன்று புத்தம்புதுசாக என்னிடம் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் ரூமுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். டீ வாங்கித் தந்தால் போதும் :-)